பால்வாடி நம்ம பிள்ளைக்கும்தான்!

உங்க வீட்டில் 2 வயசோ 3 வயசோ ஆகிற வாண்டு ஒன்று இருக்கிறதா? அப்படியானால் இந்நேரம் கையில் ஒரு பட்டியலும் இருக்கும். பட அட்டை ஒரு செட், தானே பேசுகிற பொம்மை, 'மாண்டிசோரி' என்று அச்சடித்த மரக்கட்டைப் பெட்டி, போனில் மாதச் சந்தா கட்டிய பாட்டு... இதெல்லாம் இருந்தால்தான் மூளை வளரும் என்கிறார்கள். விற்கிறவர்கள் வேறென்ன சொல்வார்கள்!

இதில் பாதிக்கு மேல் தேவையே இல்லை என்பது என் கட்சி. தேவையானது தெருக்கோடியிலேயே இருக்கிறது. பேரைச் சொன்னால்தான் பலருக்கு முகம் சுருங்குகிறது. பால்வாடி! அரசாங்க ஏட்டில் அங்கன்வாடி. "அங்கேயா? அது ஏழைப் பிள்ளைங்க போற இடமாச்சே!"

காட்டுப்பள்ளிப் பக்கம் வாருங்கள். எண்ணூர் முகத்துவாரத்துக்கு வடக்கே, கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவே இருந்த மீனவர் ஊர். 2010-ல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. பின்னாலேயே கப்பல் கட்டும் தளம், துறைமுகம். வேலைக்கு வந்தவர்கள் மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர், திருவொற்றியூர் என்று வாடகைக்குக் குடியேறினார்கள். வீட்டுக்காரருக்கு ஷிப்ட். பாட்டி சொந்த ஊரில். அம்மாவும் பிள்ளையும் நாலு சுவரும்தான் மிச்சம். சோறு ஊட்டணுமா, போன். அழுகையை நிறுத்தணுமா, போன்.

2 வயசு ஆகும்வரை திரையே வேண்டாம், 2 முதல் 4 வயசு வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. காரணம் கண் மட்டுமில்லை. பிள்ளை "ம்மா... கா" என்று கையை நீட்டும். "ஆமாண்டா, காக்கா! பறந்து போச்சு பார்" என்று யாராவது பதில் சொன்னால்தான் பேச்சு வரும். போன் பாடிக்கொண்டே இருக்கும், பிள்ளை கேட்டதற்குப் பதில் சொல்லாது.

பால்வாடியில் அந்தப் பதில் கிடைக்கும். கூடவே சமவயசுப் பிள்ளைகள். 1972-ல் மீனா சுவாமிநாதன் தலைமையில் ஒரு குழு, பள்ளிக்கு முந்தைய பருவத்தைப் பற்றி மத்திய அரசுக்கு அறிக்கை கொடுத்தது. அதையொட்டி 1975 அக்டோபர் 2-ல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் பிறந்தது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள். சத்துமாவு, மதியச் சாப்பாடு, வாரத்தில் 3 நாள் முட்டை, எடை, தடுப்பூசி எல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். நமக்குத் தெரியாதது, அங்கே ஒரு பாடத்திட்டமும் இருக்கிறது என்பது! 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று பெயர். பாட்டு, கதை, தரம் பிரித்தல், நிறம், விளையாட்டு என்று போகும். 2013-ல் தொடங்கிய திட்டப்படி வருஷத்துக்கு 2 தடவை மருத்துவக் குழு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும். பீஸ் வாங்குகிற எத்தனை ப்ளே ஸ்கூலில் இது உண்டு?

மாண்டிசோரி என்றேனே, அந்த அம்மாள் 1907-ல் ரோம் நகரத்தில் முதல் பள்ளியைத் தொடங்கியது கூலி வேலைக்குப் போகிறவர்களின் குடியிருப்பில்தான். அப்பா, அம்மா வேலைக்குப் போனபின் மாடிப்படியில் திரிந்த பிள்ளைகளுக்காக. 1939-ல் நம்ம அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் பேரைப் போட்டு இன்று என்ன விலைக்கு விற்கிறார்கள் பாருங்கள்!

இன்னொரு அவசரம், பென்சில். மூணு வயசில் 'அ' எழுதவில்லை என்று கண்ணீர் விடுகிற அம்மாக்கள் உண்டு. மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள். பிறக்கும்போது எல்லாமே குருத்தெலும்பு. 3 வயசில் பாதிகூடக் கெட்டிப்பட்டிருக்காது. அந்தக் கையைப் பிடித்து நாலு பக்கம் எழுதச் சொல்வது என்ன நியாயம்? சப்பாத்தி மாவு பிசையட்டும், மணலில் விரலால் கோடு போடட்டும், கிளிஞ்சலைப் பெரிசு சின்னது என்று பிரிக்கட்டும். (முழுசாக வாய்க்குள் போகிற எதையும் 3 வயசுக்குள் கொடுக்காதீங்க. புளியங்கொட்டை, வேர்க்கடலை உட்பட.) அனல் மின் நிலையச் சாம்பல் பறக்கிற நம்ம பக்கத்தில் விளையாடி முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம். வீட்டைப் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது மேல்.

விலையில்லாத இன்னொரு பொருள் உங்க பீரோவிலேயே தூங்குகிறது. கர்ப்ப காலத்தில் கொடுத்த தாய்-சேய் பாதுகாப்பு அட்டை! தடுப்பூசி முடிந்ததும் அதை மடித்து வைத்துவிடுகிறோம். எந்த வயசில் பிள்ளை என்ன செய்யணும், என்ன செய்யாவிட்டால் டாக்டரிடம் காட்டணும் என்று அதில் படத்தோடு இருக்கும். 1 வயசில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, 2 வயசில் "அம்மா வா" மாதிரி ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை என்றால், "ஆம்பளைப் பிள்ளை, லேட்டாத்தான் பேசும்" என்று பாட்டி சொல்வதைக் கேட்டுக் காத்திருக்க வேண்டாம். முதலில் காது கேட்கிறதா என்று பார்க்கணும். எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை நமக்கு ரயில் தூரம்தான்.

"நீங்க சொல்றீங்க, எங்க ஏரியா பால்வாடி அப்படி இல்லையே" என்பீர்கள். நியாயம். பல இடங்களில் காலிப் பணியிடம். ஒரே டீச்சர் ரெண்டு மையத்தைப் பார்க்கிறார். இதில் கணக்கெடுப்பு, பதிவேடு, 2021 முதல் போனில் வேறு எல்லாவற்றையும் ஏற்றணும். பிள்ளைகளோடு உட்கார அவருக்கு எங்கே நேரம்? ஆனால் கேள்வி கேட்கத் தெரிந்த குடும்பங்களெல்லாம் பிள்ளையை வேறு இடத்தில் சேர்த்துவிட்டால் அங்கே குழாய் உடைந்ததை யார் கேட்பது?

கேட்க உரிமை இருக்கிறது. 6 வயசுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்தும் அங்கன்வாடி இல்லாத கிராமமோ குடிசைப் பகுதியோ கேட்டால், 3 மாதத்துக்குள் அமைத்துத் தரணும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13-ல் உத்தரவிட்டது. புதுசு புதுசாக வீடுகள் முளைக்கிற மீஞ்சூர் சுற்றுவட்டாரத்து ஊர்கள் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளலாம். கம்பெனிகளுக்கும் கடமை உண்டு. 50 பேர் வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளைக்கு 4 தடவை போய்ப் பார்க்கலாம் என்று 2017-ல் மகப்பேறு சலுகைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அடுத்து வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. வேலைக்குச் சேரும்போது சம்பளத்தோடு இதையும் கேளுங்க.

இந்த வாரம் ஒருநாள் காலை 10 மணிக்கு உங்க தெருப் பால்வாடிக்குப் போய் அரை மணி நேரம் உட்காருங்க. பிள்ளைகள் பாடுகிறார்களா, தண்ணீர் வருகிறதா, கழிப்பறை எப்படி என்று பாருங்க. போகும்போது அந்த அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்க. அடுத்த எடை பார்க்கிற நாள் எது, மருத்துவக் குழு எப்போ வரும் என்று டீச்சரிடம் கேட்டு அதன் மேலேயே குறித்துக்கொள்ளலாம்.