இல்லத்துப் பவளத்தொட்டி

நம் நாட்டிற் கல்போன்ற கூடு கட்டும் பவள உயிர்கள் அனைத்தும் 2001ஆம் ஆண்டு முதல் சட்டத்தாற் காக்கப்பெறுவன. அவற்றை மனையில் வைத்தல் குற்றம். அமெரிக்கா முதலிய நாடுகளிலோ அவற்றைக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்போர் பலர். அங்குச் சென்று வாழும் நம் பழைய மாணவரும் இவ்வவாவிற்கு ஆட்படக்கூடுமாதலின், ஒன்று கூறுவோம். விளக்கும் பொறியும் வாங்கப் பொருள் போதும். பேணுதற்கோ நாடோறும் உழைப்பு வேண்டும்.

தொட்டிநீர் ஆவியாய்ச் செல்ல, உப்பு எஞ்சி நிற்கும். லிட்டருக்கு 35 கிராம் என்னும் அளவு மிகுமாயிற் பவளம் வாடும். ஆதலின் ஆவியாய்ப் போன அளவிற்கு நன்னீரே வார்த்தல் வேண்டும். உப்புநீர் வார்ப்போர் கேட்டினை மிகுவிப்பர். கூடு கட்டுதற்குப் பவளம் நீரிலுள்ள சுண்ணச் சத்தைக் கவர்ந்துகொள்ளும். அதனையும் அளந்து ஈடுசெய்தல் வேண்டும். மீன் உண்ணாத இரை அழுகி நஞ்சாகும். வாரந்தோறும் பத்திலொரு பங்கு நீரைப் பலர் மாற்றுவது இதன்பொருட்டே. விடுமுறைக்கு வெளியூர் செல்வோன் இவற்றையெல்லாம் யாரிடம் ஒப்புவிப்பான்? அண்டைவீட்டார் இரையிடுவர், உப்பையும் அளப்பரோ?

விற்போர் இவற்றை மறைத்தல் முறையன்று. உயிரில்லாத் தொட்டியில் உப்புநீர் மட்டும் நிரப்பி, ஒரு திங்கள் அதன் அளவு பிறழாது காத்துக் காட்டியவர்க்கே பவளம் விற்றல் வேண்டுமென்பது எம் கருத்து.