கையில் எடுத்துப் பார்க்க ஒரு ஹெர்குலிஸ்

மறுமலர்ச்சிக் காலச் சிற்பம் என்றாலே நம்மாட்கள் நேராக மைக்கேலாஞ்சலோவின் தாவீதிடம் போய் நின்றுவிடுகிறார்கள். ஐந்து மீட்டருக்கும் மேல் உயரம், ஒற்றைப் பளிங்கு, உலகத்தில் ஒன்றே ஒன்று. அதே காலத்து இத்தாலியில் மேஜைமேல் வைக்கிற அளவில் வார்த்த புராண வெண்கலங்களைக் காட்டினால், "அழகான பொம்மை" என்று சொல்லி நகர்கிறார்கள். கேட்டால் இரண்டு காரணம் வரும். ஒன்று, சின்னது. இன்னொன்று, பழைய ரோமானியச் சிலைகளின் நகல். இரண்டும் தப்பு என்பதே என் கட்சி.

முதலில் அளவு. அன்டேயஸ் பூமித்தாயின் மகன். மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும்வரை அவன் பலம் குறையாது. எனவே ஹெர்குலிஸ் அவனைத் தூக்கி, அந்தரத்தில் வைத்தே நெரித்துக் கொல்கிறான். தரை தொடாத கால்கள்தான் கதையின் உயிர். பளிங்கில் அப்படிக் காலை நீட்டினால் முறியும்; மரத்தண்டு, பாறை என்று ஏதாவது முட்டுக் கொடுக்கணும். வெண்கலத்துக்கு அது வேண்டாம். 1470களில் ஃப்ளாரன்ஸில் அன்டோனியோ பொல்லாயுவோலோ செய்த ஹெர்குலிஸ்–அன்டேயஸ் சுமார் 45 செ.மீ. உயரம்தான். அன்டேயஸ் வாய் பிளந்து அலறுகிறான், கால்கள் காற்றில் உதறுகின்றன. இதற்கு முன்பக்கம் என்று ஒன்று கிடையாது. பெரிய வெண்கலத்திலும் இதெல்லாம் முடியுமே என்பீர்கள். முடியும். ஆனால் சதுக்கத்துச் சிலையை நாம் சுற்றி நடக்க வேண்டும். இதை உட்கார்ந்த இடத்தில் கையால் திருப்பலாம். பிடி எங்கே இறுகுகிறது என்று விரலே சொல்லும்.

அடுத்து, நகல். மாந்துவாவின் கொன்சாகா குடும்பத்துக்கு வேலை செய்த சிற்பிக்கு 'ஆன்டிகோ' என்றே பட்டப்பெயர்: பழங்காலத்தான். வத்திக்கானின் அப்பல்லோ பெல்வெதெரேயைச் சிறிதாக்கி வார்த்தவர். தலைமுடிக்குத் தங்கப்பூச்சு, கண்ணுக்கு வெள்ளி. சிதைந்துபோன ரோமானியப் பளிங்கு ஒன்றிலிருந்து முழுமையான ஹெர்குலிஸ்–அன்டேயஸை உருவாக்கியவரும் அவரே. இல்லாத பாகத்தை யோசித்துச் சேர்ப்பது எப்படி நகலாகும்?

அவர் கையாண்ட முறை இன்னும் முக்கியம். நேரடி வார்ப்பில் மெழுகு மூலம் உருகிப் போய்விடும். வார்ப்பு பிசகினால் எல்லாம் போச்சு. ஆன்டிகோ மூலத்திலிருந்து துண்டு துண்டாக அச்செடுத்து, அந்த அச்சில் மெழுகுப் பிரதி எடுத்து அதை வார்த்தார். மூலம் பத்திரம். 1519இல் இசபெல்லா தெஸ்தேவுக்காக, மறைந்த பிஷப் லுடோவிகோ கொன்சாகாவுக்குச் செய்த உருவங்களையே திரும்ப வார்த்துத் தர முன்வந்தார். "செகண்ட் காப்பியா?" என்று அந்த அம்மையார் முகம் சுளிக்கவில்லை. அவருடைய ஹெர்குலிஸ்–அன்டேயஸ் இன்று வியன்னாவில், அடியில் அவர் பெயரோடு இருக்கிறது. இன்னொரு பிரதி லண்டனில்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஒரே ஒரு கணினியில் மட்டும் ஓடுகிற நிரலை எங்கள் தொழிலில் யாரும் மேதைமை என்று கொண்டாடுவதில்லை. மறுபடி செய்ய முடிவதும் ஒரு கண்டுபிடிப்புதான்.

பிரபுக்களின் விளையாட்டுச் சாமான் என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஜியாம்போலோன்யா பட்டறையின் சின்ன வெண்கலங்களை மெதிச்சிகள் ராஜதந்திரப் பரிசாகவே அனுப்பினார்கள். 1612இல் இங்கிலாந்து இளவரசர் ஹென்றிக்கும் போயின. சரி, அரண்மனை முன் நின்ற தாவீது மட்டும் அரசியல் இல்லாமலா நின்றது? அதிகாரம் கூலி கொடுத்தது என்பதற்காகத் தள்ளுவதென்றால் இரண்டையும் தள்ளுங்கள்.

இந்த அலட்சியத்தின் விலை அருங்காட்சியகத்தில் தெரிகிறது. கையில் திருப்பிப் பார்க்கச் செய்ததைச் சுவரோரக் கண்ணாடிப் பெட்டியில், ஒரு பக்கம் மட்டும் தெரியும்படி நிறுத்திவிட்டு, சின்னது என்று நாமே தீர்ப்பும் சொல்கிறோம். மூலத்தைத் தொட விட முடியாது, புரிகிறது. பக்கத்தில் தொட்டுப் பார்க்க ஒரு பிரதி வார்த்து வையுங்கள். ஆன்டிகோ ஐந்நூறு வருஷத்துக்கு முன்பே வழி காட்டியிருக்கிறார்.