திண்ணையில வைக்காதீங்க, கையில குடுங்க!



இப்பல்லாம் எங்க ஊர்ப்பக்கம் பத்து மணி ஆச்சுன்னா பார்சல் மூட்டையோடு ரெண்டு பைக்காவது வந்துவிடுகிறது. புடவை, மாத்திரை, மிக்ஸி ஜார், பேரனுக்குப் பொம்மை என்று எல்லாமே வாசலுக்கு வருகிறது. ஒரு ஜாருக்காக வெயிலில் காரைக்குடிக்கு பஸ் ஏறி அலைந்த எங்களுக்கு இது பெரிய வசதிதான். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால், "அம்மா, திண்ணையில வச்சிட்டேன்" என்று ஒரு போன் வருகிறதே, அதைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். பல நேரம் அந்த போன்கூட வருவதில்லை.

செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தலைவாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று போய்க்கொண்டே இருக்கும். பெரிய குடும்பம் மொத்தமும் சேர்ந்திருந்த காலத்துக்குக் கட்டியவை. இன்று அதில் பல வீடுகளில் வயதான ஆச்சி ஒருவர், ஒத்தாசைக்கு ஒரு பெண், அவ்வளவுதான். அடுப்படியில் குக்கர் விசில் அடிக்கும்போது முகப்பில் பெல் அடித்தால் காதில் விழுமா? வந்த பையனுக்கு இன்னும் பத்து ஊர் பாக்கி. ரெண்டு தடவை கூப்பிட்டுப் பார்ப்பான், திண்ணையில் வைப்பான், ஒரு போட்டோ எடுத்து 'ஒப்படைக்கப்பட்டது' என்று போட்டுவிட்டுப் போய்விடுவான். அந்த போட்டோ அமெரிக்காவில் இருக்கிற மகனுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். வீட்டில் இருக்கிற ஆச்சிக்குப் பார்சல் வந்ததே தெரியாது!

போன வருஷம் எங்கள் தெருவில் இப்படித்தான் ஒரு பார்சல் காணாமல் போனது. உள்ளே இருந்தது ரெண்டு நைட்டி, எழுநூறு ரூபாய் பெறும். யார் எடுத்தார்கள் என்று இன்று வரை தெரியவில்லை. ஆனால் ஆறு வருஷமாக அந்த வீட்டில் வேலை பார்க்கும் பெண்ணைத்தான் எல்லாரும் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். வாய்விட்டு யாரும் குற்றம் சொல்லவில்லை. "நீ பாத்தியாம்மா?" என்று மூன்று பேர் மூன்று தடவை கேட்டார்கள், அவ்வளவுதான். கேட்டதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குப் புரியாதா? "நான் வர்றேன் ஆச்சி" என்று சொல்லிவிட்டுப் போனவள் மறுநாளிலிருந்து வரவில்லை. ராத்திரியில் துணைக்குப் படுத்தவளும் அவள்தான். இப்போது அந்த ஆச்சி அவ்வளவு பெரிய வீட்டில் தனியாகப் படுக்கிறார். நைட்டி போனால் வேறு வாங்கலாம், அந்தப் பெண்ணை எங்கே போய் வாங்குவது? அவள் வீட்டிலும் நாலு பேர் கேட்டிருப்பார்களே, "ஏன் நின்னுட்டே?" என்று. பார்சல் கொண்டுவந்த பையனுக்கும் இதே கதிதான். காணோம் என்று புகார் போனால் முதல் கேள்வி அவனுக்குத்தான்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. வெளியூர் போயிருக்கும்போது திண்ணையில் ரெண்டு நாள் ஒரு அட்டைப்பெட்டி கிடந்தால், 'வீட்டில் ஆள் இல்லை' என்று போர்டு எழுதி மாட்டியது மாதிரிதான். பர்மா தேக்குக் கதவும் தூணும், பீங்கான் ஜாடியும் எனாமல் பாத்திரமுமாக இந்த வீடுகளில் என்னென்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். பெட்டியைப் பிரித்த பிறகு அதில் ஒட்டியிருக்கும் பெயர், விலாசம், போன் நம்பர் சீட்டைக் கிழிக்காமல் குப்பையில் போடுவதும் நல்லதில்லை.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு பெயர் வைத்து, 'வாசல் கொள்ளையர்' என்கிற மாதிரி, சொல்கிறார்கள். டெக்சாஸ் மாநிலத்தில் 2019-ல் தனிச் சட்டமே போட்டார்கள். நாசாவில் வேலை பார்த்த மார்க் ரோபர் என்கிற என்ஜினியர், திருடன் பிரித்தவுடன் மினுமினுப்புத் தூளையும் நாற்றத்தையும் அவன் மேலேயே அடிக்கிற ஒரு பார்சலைச் செய்து 2018-ல் வீடியோ போட்டார். பார்த்தால் சிரிப்பு வரும். நமக்கு அதெல்லாம் எதுக்கு?

"கேமரா வச்சா சரியாப்போச்சு" என்பார்கள் ஆண்கள். ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஒருவன் எடுத்துப் போவதை சிங்கப்பூரில் இருக்கிற மகன் போனில் பார்ப்பான். பார்த்து? ஓடி வந்து பிடிக்கவா முடியும்? கரண்ட் போனால் அதுவும் இல்லை.

என் அபிப்பிராயம், பார்சல் கையிலிருந்து கைக்குத்தான் போகணும். அந்தக் கை யாருடையது என்று முன்னாலேயே முடிவு செய்துவிடணும். எங்கள் தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் பேசி, பகல் முழுக்க வாசலில் மிஷினோடு உட்கார்ந்திருக்கும் தையல்கார அக்காவைக் கேட்டுக்கொண்டோம். விலாசத்திலேயே 'ஆள் இல்லாவிட்டால் எதிர்வீட்டுத் தையல் கடையில் கொடுக்கவும்' என்று எழுதச் சொல்லிவிட்டோம். அவர் ஒரு பழைய நோட்டில் வீட்டையும் தேதியையும் குறித்து வைக்கிறார், எடுத்துப் போகிறவர் கையெழுத்துப் போடணும். அதற்காகச் சும்மா வாங்கி வைக்கச் சொல்லாதீங்க. ஜாக்கெட்டோ பேத்தி பாவாடையோ அவரிடமே தைக்கக் கொடுங்க.

ரகசிய எண், அதாவது ஓ.டி.பி. சொன்னால்தான் பொருளைத் தருவோம் என்கிற முறை நல்ல முறை. ஆனால் எண் போய்ச் சேருவது ஆர்டர் போட்டவர் போனுக்கு! நமக்குப் பகல் பதினொரு மணி என்றால் அங்கே நடுராத்திரி. பிள்ளை தூங்கிக்கொண்டிருப்பான், பையன் திரும்பிப் போய்விடுவான். அதனால் ஆர்டர் போடும்போது வீட்டில் இருக்கும் அம்மாவின் நம்பரைக் கொடுக்கணும். பொருளைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எண்ணைச் சொல்லணும். "பார்சலை கேன்சல் பண்ணணும், நம்பர் சொல்லுங்க" என்று போனிலேயே கேட்பவன் வேறு ஆள். ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் போடணும்.

நாமே மகளுக்குப் பலகாரமோ பத்திரமோ அனுப்பினால் ஸ்பீட் போஸ்ட் இருக்கிறது. 2025-ல் பதிவுத் தபாலை அதோடு சேர்த்துவிட்டார்கள். 2025 அக்டோபர் 1 முதல், தபாலுக்குரியவரிடமோ அவர் அனுமதித்தவரிடமோதான் தரணும் என்றால் 5 ரூபாய், ஓ.டி.பி. கேட்டுத்தான் தரணும் என்றாலும் 5 ரூபாய், வரி தனி. பத்து ரூபாய்க்கு இது பெரிய நிம்மதி இல்லையா?

அதையும் மீறிக் காணோம் என்றால், வேலைக்காரப் பெண்ணைக் கேட்பதற்கு முன்னால் விற்ற கம்பெனியைக் கேளுங்க. "திண்ணை போட்டோவைக் காட்டாதே, யார் கையில கொடுத்தே?" என்று கேட்கலாம். 2020-ல் வந்த மின்வணிக விதிகள்படி, புகார் வந்து சேர்ந்ததை 48 மணி நேரத்துக்குள் அவர்கள் ஒப்புக்கொள்ளணும், ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்கணும். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. நீங்கள் பாசமாகத்தான் அனுப்புறீங்க. பட்டனை அழுத்துவதற்கு முன்னால் ஒரு போன் போட்டு, "ஆத்தா, வியாழக்கிழமை வீட்ல இருப்பீங்களா, கோயிலுக்குப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு அனுப்புங்கப்பா.

- ஓர் இல்லத்தரசி, இளையாத்தங்குடி.