உழைப்பவரும் ஓடட்டும்

2010-ஆம் ஆண்டு நவம்பரில், சீனாவின் குவாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், பெண்களுக்கான 10,000 மீட்டர் ஓட்டத்தில் பிரீஜா ஸ்ரீதரன் தங்கம் வென்றார். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 31 நிமிடம் 50.47 விநாடி. 5,000 மீட்டரில் அவருக்கு வெள்ளியும் கிடைத்தது. இடுக்கி மாவட்டம் ராஜாக்காட்டை அடுத்த முள்ளக்கானம் அவரது ஊர். எளிய குடும்பத்துப் பெண். ஆனைக்கரை, வண்டன்மேடு பகுதி ஏலத் தோட்டங்களில் வேலை செய்யும் நம்மவர்களுக்கு அது வேற்றூர் அல்ல. அதே மலை, அதே மழை, அதே ஏற்ற இறக்கம்.

பாலக்காட்டுப் பக்கம் வந்தால் முண்டூர் பி.யு. சித்ரா. பெற்றோர் விவசாயக் கூலிகள். பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர் கொடுத்த பயிற்சியில் வளர்ந்தவர். 2017-இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 1,500 மீட்டரில் தங்கம் வென்றும், அதே ஆண்டு லண்டனில் நடந்த உலகப் போட்டிக்கான அணியில் அவருக்கு இடம் இல்லை என்றார்கள். வழக்கு கேரள உயர் நீதிமன்றம் வரை சென்றது. ஆனாலும் அவர் லண்டன் போக முடியவில்லை. 2019-இல் தோஹாவில் அதே ஓட்டத்தில் மீண்டும் தங்கம் வென்று பதில் சொன்னார்.

இவர்களைப் பாராட்டுவது எளிது. இவர்கள் எப்படி உருவானார்கள் என்று யோசிப்பதுதான் பயனுள்ளது. திறமையும் உழைப்பும் அவர்களுடையவை. ஆனால் அவற்றுக்கு வழி திறந்தது பள்ளி மைதானமும் அங்கே நின்ற ஓர் ஆசிரியரும். வளர்ந்த பிறகு, விளையாட்டை மதிக்கும் வேலையும் வேண்டும். பிரீஜா ரயில்வே ஊழியராக இருந்துகொண்டே ஓடியவர். ஒலவக்கோடு என்று நாம் பழகிய ரயில்வே கோட்டத்தில் குமாஸ்தாக்களாகக் காலம் கழித்த தமிழர்கள் பலர். மேசை வேலையும் மைதானமும் ஒரே ஆளுக்குப் பொருந்தும் என்பதை அவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பதக்கம் பெறுவோர் சிலர். பதக்கம் எதிர்பாராமல் ஓடுவோர் பலர். இவர்களுக்குச் சம்பளம் தரும் வேலை வேறு, ஓட்டம் வேறு. விடியுமுன் எழுந்து ஓடி, குளித்து, வேலைக்குப் போகிறார்கள். வருஷத்தில் ஒன்றிரண்டு பந்தயங்களுக்குக் கைப்பணம் செலவழித்துப் போகிறார்கள். ஐந்நூறாவது ஆளாக வந்தாலும், போன வருஷத்தைவிட மூன்று நிமிஷம் குறைந்தது என்றால் அதுவே அவர்களுக்குத் தங்கம்.

நாள் முழுதும் கூடை சுமப்பவனுக்கு ஓட்டம் எதற்கு என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் கூலிக்காகக் குனிவது வேறு. தன் விருப்பத்துக்குத் தன் உடம்பை ஆள்வது வேறு. பின்னதில் மனிதனுக்கு ஒரு மிடுக்கு வருகிறது. விளையாட்டு ஓய்வுள்ளவர்களின் சொத்து என்று நாமே விட்டுக்கொடுத்துவிடக் கூடாது. நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்காரும் குமாஸ்தாவுக்கோ, ஓட்டம் மருந்தாகவும் அமையும்.

வேலை பார்த்துக்கொண்டே எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஜப்பானில் ஓர் உதாரணம் உண்டு. யூகி கவாவுச்சி சைதாமா மாநில அரசின் ஊழியர். ஒரு பள்ளி அலுவலகத்தில் குமாஸ்தா. கம்பெனிக் குழுக்களின் வீரர்கள் தினம் இரு வேளை பயிற்சி செய்ய, இவர் பெரும்பாலும் ஒரு வேளைதான் செய்தார். வேலை பிற்பகலில் தொடங்கியதால் காலை நேரம் கிடைத்தது. 2018-இல் கொட்டும் மழையிலும் எதிர்காற்றிலும் நடந்த பாஸ்டன் மாரத்தானில் 42.195 கிலோமீட்டரை 2 மணி 15 நிமிடம் 58 விநாடியில் ஓடி முதலிடம் பெற்றார். மறு ஆண்டு அரசு வேலையை விட்டு முழு நேர ஓட்டக்காரரானார். 2013-இல் 2 மணி 8 நிமிடம் 14 விநாடியாக இருந்த அவரது சிறந்த நேரம், 2021-இல் 2 மணி 7 நிமிடம் 27 விநாடியாகக் குறைந்தது. அப்போது அவருக்கு வயது 33. உழைப்பாளிக்குக் குறைவது பலம் அல்ல, நேரம்தான் என்பதற்கு இது நல்ல சான்று.

பயிற்சியில் மந்திரம் ஒன்றுமில்லை. வாரத்தின் பெரும்பகுதி, பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓடக்கூடிய நிதான வேகம் போதும். ஒரு நாள் நீண்ட தூரம், ஒரு நாள் வேகம், ஒரு நாள் முழு ஓய்வு. தூரத்தைச் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும். ஆசையால் ஒரேயடியாகக் கூட்டியவர்களே முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். கஞ்சியும் பயறும் வாழைப்பழமும் உப்பிட்ட மோரும் நம் வீட்டிலேயே இருக்கின்றன. நல்ல காலணிக்கும் போதிய தூக்கத்துக்கும் மட்டும் மாற்று இல்லை. நெஞ்சில் வலியோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்தி டாக்டரிடம் போக வேண்டும்.

மலையில் ஓடுவோர் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 2022 ஜூலையில் பாலக்காட்டை அடுத்த தோணியில், அதிகாலை நடைப்பயிற்சிக்குச் சென்ற ஒருவரைக் காட்டானை கொன்றது. யானை நடமாடும் சாலையில் இருட்டில் தனியே ஓடுவது வீரம் அல்ல.

இங்கேதான் மற்றவர்களின் பொறுப்பு வருகிறது. கம்பத்திலிருந்து மலையேறி வரும் ஜீப்பில் நெருக்கியடித்து வந்து, மாலையில் அதே ஜீப்பில் இறங்கும் தொழிலாளிக்கு விளக்குள்ள, பத்திரமான ஒரு மைதானம் வேண்டும். லயங்களுக்கு அருகே சமமான நிலத்தில் ஓர் ஓடுபாதை அமைத்துக் கொடுப்பது தோட்ட நிர்வாகங்களுக்குப் பெரிய செலவல்ல. போட்டி நாளில் சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்தால் நிர்வாகம் ஏழையாகிவிடாது. மலைப் பகுதித் தமிழ்ப் பள்ளிகளில் மாணவர் தொகை குறைவு என்ற காரணத்துக்காக உடற்பயிற்சி ஆசிரியரை மறுப்பது நியாயமல்ல. அடுத்த பிரீஜா அங்கேதான் செருப்பில்லாமல் ஓடிக்கொண்டிருக்கக் கூடும். மாரத்தான் நடத்துவோர் உள்ளூர்த் தொழிலாளருக்கு நுழைவுக் கட்டணத்தைக் குறைக்க வேண்டும். நம் தமிழ்ச் சங்கங்களும் பொங்கல் விழாப் பட்டிமன்றத்தோடு ஓர் ஓட்டப் பந்தயத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

உழைக்கும் மக்களின் கால்களுக்கு ஓடத் தெரியும். அதற்கு வேண்டியது தினம் ஒரு மணி நேரமும் ஒரு நல்ல பாதையும். அவற்றைக் கொடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் கொடுக்கட்டும். கிடைக்கும் வரை காத்திருக்காமல், நம் இளைஞர்கள் நாளைக் காலையே ஒரு கிலோமீட்டரில் தொடங்கட்டும்.