ஏட்டுச் சுரைக்காயும் எஞ்சின் மரையும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது” என்பது பழமொழி. கல்லூரிக்குள் காலெடுத்து வைத்த நாள்முதல் எங்கள் தெருவில் இதை என்னிடம் சொல்லாதவர் இல்லை. எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்புக்கு வந்த முதல் ஆள் நான். ஆகவே, நான் செய்யும் தவறெல்லாம் என் படிப்பின் கணக்கிலேயே எழுதப்படும். ஆனால், உதவாதது ஏடா, அல்லது அதைப் படித்தவனா? சென்ற கோடை விடுமுறையில் நடந்த ஒரு நிகழ்ச்சி இந்தக் கேள்வியை என்னுள் எழுப்பியது.

என் தந்தை எட்டாம் வகுப்போடு நின்றவர். பழைய மாருதி ஆம்னி வேன் ஒன்றை வாடகைக்கு ஓட்டுகிறார். விடியற்காலை நான்கு மணிக்குப் பூக்காரர்களைச் சந்தைக்கு ஏற்றிச் சென்றால்தான் எங்கள் வீட்டில் அடுப்பெரியும். 1984-இல் விற்பனைக்கு வந்து 2019-இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட வண்டி அது. முன்னிருக்கையைத் தூக்கினால் அடியிலேயே எஞ்சின். மூன்று சிலிண்டர்கள், 796 சி.சி.

ஒருநாள் வண்டி திணறியது. மெக்கானிக்குக் கூலி தரவேண்டுமே என்று தந்தை தயங்கினார். “பிளக் மாற்றுவதுதானே, நானே செய்கிறேன்” என்றேன். “படிச்ச பிள்ளை செஞ்சா சரியாத்தான் இருக்கும்” என்று ஸ்பேனரை என் கையில் கொடுத்துவிட்டு உறங்கப் போனார். அந்த நம்பிக்கையின் எடை அன்று எனக்குத் தெரியவில்லை.

மூன்று தவறுகள் செய்தேன். எஞ்சின் ஆறும்வரை காத்திருக்கவில்லை. சிலிண்டரின் மேலுள்ள ‘ஹெட்’ அலுமினியத்தால் ஆனது. பிளக்கின் மரையோ எஃகு. சூட்டோடு கழற்றினால் மெதுவான அலுமினிய மரை பிய்ந்து வரலாம். இரண்டாவதாக, புதிய பிளக்கை முதலில் விரலால் திருகாமல் நேரே ஸ்பேனரால் ஏற்றினேன். இரண்டு பிளக்குகள் தப்பின. மூன்றாவது கோணலாக ஏறி இறுகிக்கொண்டது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். மாறாக, ஸ்பேனர் பிடியில் ஒரு குழாய்த் துண்டைச் செருகி அழுத்தினேன். இது மூன்றாவது, முதலிரண்டையும்விடப் பெரியது.

திருப்புத்திறன் என்பது விசையையும் தொலைவையும் பெருக்கி வருவது. தேர்வில் இதற்கு நான் முழு மதிப்பெண் வாங்கியவன்! அத்தகைய பிளக்குக்குச் சுமார் 25 நியூட்டன் மீட்டர் போதும். 25 செ.மீ. பிடியில் 100 நியூட்டன் விசை கொடுத்தாலே அது கிடைத்துவிடும். பிடியை 50 செ.மீ. ஆக்கினால், அதே கை அதே விசையில் இருமடங்காக முறுக்கும். திடீரென்று பிளக் இலகுவாகச் சுழன்றது. மரை போய்விட்டது.

வெட்கக்கேடு இனிமேல்தான். ஒட்டிக்கொண்டிருந்த பிளக்கை அப்படியே விட்டுவிட்டு, “மாற்றிவிட்டேன்” என்று அம்மாவிடம் சொல்லிப் படுத்துக்கொண்டேன். விடியற்காலை, பூக்கூடைகளோடு போன வண்டியில், பாதி வழியில் வெடிச் சத்தத்துடன் அந்தப் பிளக் தெறித்து வெளியே வந்தது. யாருக்கும் காயமில்லை. பூ மட்டும் வாடியது.

மெக்கானிக் பார்த்தவுடன் கேட்டார்: “தம்பி, இதை மாட்டினது யாரு?” என் தலை தானாகக் குனிந்தது. தந்தை என்னைக் கடியவில்லை. “மூணுல ரெண்டை ஒழுங்காத்தானே மாட்டியிருக்கான்” என்றார். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறைக்கு எடுத்துச் சென்றார்கள். கழற்றாமலே மரை வெட்டினால் அலுமினியத் துருவல் சிலிண்டருக்குள் விழுந்து உட்சுவரைக் கீறிவிடக்கூடும் என்றார் மெக்கானிக். பட்டறையில் பழைய துளையைச் சற்றுப் பெரிதாக்கிப் புதிய மரை வெட்டினார்கள். அதனுள் எஃகுக் கம்பிச் சுருள் ஒன்றைத் திருகி இறக்கினார்கள். அந்தச் சுருளின் உட்புறமே இனிப் பிளக்குக்கு மரை. அது பழைய அலுமினிய மரையைவிட வலிமையானது. புதிய கேஸ்கெட் வைத்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சிறிது சிறிதாக இறுக்கினார்கள். மூன்று நாள் வாடகை போயிற்று. கடைசியில் மெக்கானிக் என் கையில் பிளக்கைக் கொடுத்து, “விரல் போறவரைக்கும் விரலு, அப்புறந்தான் ஸ்பேனர்” என்றார். விரலால் இறுதிவரை ஏற்றி, அதன்பின் அரைச்சுற்று இறுக்கினேன். வண்டி இன்றும் ஓடுகிறது.

மாணவ நண்பர்களே! என்னைக் கைவிட்டது ஏடு அன்று. ஏட்டிலிருந்த வாய்பாட்டைத் தேர்வுத்தாளில் இறக்கிவைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனவன் நான். அதற்காக, “தெரியாத வேலையைத் தொடாதே” என்று நான் சொல்லமாட்டேன். தொடாத கை எப்படிக் கற்கும்? தொடுமுன் தெரிந்தவரிடம் கேட்போம்; தவறினால் உடனே சொல்வோம். அன்றிரவே நான் சொல்லியிருந்தால் மரை மட்டும்தான் போயிருக்கும். என் சொல் போயிருக்காது.

மறைக்கும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? எண்ணிப் பார்க்கிறேன். தனி ஊசல் சோதனையில் ஈர்ப்பு முடுக்கம் 9.8 வராவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? ஊசலைத் திருத்துவதில்லை, ரெக்கார்டு நோட்டில் எண்ணைத் திருத்துகிறோம்! பிழை எங்கே நேர்ந்தது என்று தேடும் மாணவனுக்கு மதிப்பெண் குறைகிறது. விடையை அறிந்து எழுதுபவனுக்கு முழு மதிப்பெண் கிடைக்கிறது. கனம் ஆசிரியப் பெருமக்களிடம் பணிவுடன் ஒரு வேண்டுகோள்: நேர்மையாக எழுதப்பட்ட பிழைக்கும், அதன் காரணத்தைக் கண்டறிந்ததற்கும் மதிப்பெண் தாருங்கள். ஆண்டுக்கு ஒருநாளேனும் எங்களைப் பட்டறைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுதான். ஆனால் ஏட்டிலுள்ளதை விதையாக எண்ணி, மண்ணில் கைவைத்து ஊன்றினால், கறிக்கு மட்டுமன்று, ஊருக்கே காய்க்கும். கைகளை அழுக்காக்கிக் கொள்வோம். சொல்லைத் தூய்மையாக வைத்துக்கொள்வோம்!