பொதுக் குளம் யாருக்குப் பொது?

'நம் போராட்டம் சாதிக்கு எதிரானது, பொருளாதாரம் எதற்கு?' என்று இளம் தோழர்கள் கேட்கிறார்கள். பட்ஜெட்டைப் படிக்கத் தெரியாவிட்டால் நம் பணம் எங்கே போனது என்று கேட்கவே முடியாது. அதற்காகத்தான்.

தெருவிளக்கு போன்றவற்றைப் பொருளாதாரப் பாடநூல் 'பொதுப் பண்டம்' என்கிறது. ஒருவர் பயன்படுத்துவதால் இன்னொருவருக்குக் குறையாது. யாரையும் விலக்கவும் முடியாது. நல்ல கோட்பாடுதான். ஆனால் மகாடில் சவுதார் குளம் நகராட்சியின் சொத்தாக இருந்தது. பொதுக் குளங்கள் தீண்டப்படாதோருக்கும் உரியவை என்று பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் போட்டது. அப்படியும் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடிக்க 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டிச் செல்ல வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் மாகாண நிதி பற்றிய அவரது நூல் வெளிவந்திருந்தது. பாடநூல் விலக்க முடியாது என்றதைச் சாதி விலக்கிக் காட்டியது.

இந்த வேறுபாடு இன்றைய பட்ஜெட்டிலும் இருக்கிறது. பட்டியல் சாதியினரின் மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப நிதி ஒதுக்க வேண்டும் என்பது 1979இல் தொடங்கிய சிறப்பு உட்கூறு திட்டத்தின் அடிப்படை. கர்நாடகம் இதற்கென 2013இல் சட்டமே இயற்றியது. ஆனால் பிரித்துக் காட்ட முடியாத கட்டுமானப் பணிகளின் செலவில் ஒரு பகுதியைத் துணைத் திட்டச் செலவாகவே கருதலாம் என்று அதன் 7(டி) பிரிவு வழிவிட்டது. சாலை எல்லோருக்கும் பொது, எனவே அதில் தலித்துகளுக்கும் பங்கு என்ற கணக்கு. இயக்கங்கள் விடாமல் எதிர்த்த பிறகு, 2023இல்தான் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது.

சாலை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அது அரசின் பொதுக் கடமை. பொது நிதியில் போடட்டும். துணைத் திட்டம் இருப்பது, பொதுச் செலவு சேரிக்கு வந்து சேராததை ஈடுகட்ட. அதே பொதுச் செலவை அதில் ஏற்றினால் ஒரே ரூபாய் இரண்டு முறை கணக்கில் வருகிறது. நமக்கு ஒரு முறைகூட வருவதில்லை.

தமிழ்நாட்டு மக்கள்தொகையில் நாம் 20 சதவீதம். இங்கும் 2024இல் சட்டம் வந்துவிட்டது. இனி வேலை நம்முடையது. ஒவ்வொரு துறையிடமும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: இந்தச் செலவால் பயன்பெற்ற குடும்பங்கள் எவை, குடியிருப்புகள் எவை? பெயர் சொல்ல முடியாத செலவு நம் கணக்கில் இருக்கக் கூடாது.