லிஃப்டுக்குள் நுழையாத சந்தூக்கு

கொம்பனித்தெருவைக் கடக்கும்போதெல்லாம் அண்ணாந்து பார்க்கிறேன். மலாய் வீதி, ஜாவா ஒழுங்கை என்ற பெயர்கள் பழையவை. மேலே எழும்பும் கட்டடங்கள் புதியவை.

2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் வந்தது. அவ்வாண்டு மே மாதமே மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. உறுதிப் பத்திரம் வைத்திருந்தோரும் தப்பவில்லை. பின்னர் பல தோட்டங்களின் காணி முதலீட்டாளருக்குப் போனது. குடியிருந்தோருக்குத் தொடர்மாடியில் சிறிய வீடு. அதற்கும் தவணையில் பத்து இலட்சம் ரூபா. 'சேரி ஒழிப்பு' என்றார்கள். சொந்தக் காசில் மேல்மாடி கட்டிய வீட்டைச் சேரி என்பதை நான் ஏற்கமாட்டேன்.

ஒழுகிய வீடுகளும் இருந்தன, மறுக்கவில்லை. எங்கள் உம்மம்மாவுக்கு எட்டாம் மாடியில் வீடு கிடைத்தது. அவர் மௌத்தானபோது சந்தூக்கு லிஃப்டுக்குள் நுழையவில்லை. மாமாமார் படிவழியே சாய்த்துச் சாய்த்து இறக்கினார்கள். வரைபடம் போட்டவர் ஒரு நாளாவது தோட்டத்துக்கு வந்து கேட்டிருந்தால், மூத்தவர்கள் முதலில் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

மாநகர சபைத் தேர்தல் வந்தால் வேட்பாளர்கள் வடிகானையும் தெருவிளக்கையும் பற்றிப் பேசுவார்கள். உம்மாமாரே, வாப்பாமாரே, பக்கத்துக் காணி யாருக்கு, எத்தனை வருடக் குத்தகைக்குப் போகிறது என்று அவர்களிடம் கேளுங்கள்.